இருட்டறையில் போட்ட வெள்ளை விளக்கு

பித்தப்பையில் கல் என்று போன மாதம் உங்கள் ஸ்கேன் அறைக்கு வந்தேன். வாசல் வாங்கில் வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன். காத்திருந்ததில் எனக்குக் கோபம் இல்லை. உள்ளே நடந்ததைக் கேட்டதில்தான் கோபம். ஒரு கர்ப்பிணிக்கு எடுக்க வேண்டிய அளவெல்லாம் எடுத்து முடிந்துவிட்டது. "எல்லாம் நல்லா இருக்கு" என்று உங்களில் ஒரு பிள்ளை சொன்னது என் காதிலும் விழுந்தது. அதற்குப் பிறகும் கருவியைக் கீழே வைக்கவில்லை.

"அத்தையையும் உள்ள வரச் சொல்லுங்க. இங்க பாருங்க, கொட்டாவி விடுது. கொஞ்சம் பொறுங்க, மொகத்தத் திருப்புதான்னு பாப்போம்."

குடும்பமே கைதட்டிச் சிரித்தது.

என் முறை வந்தபோது அந்தப் பிள்ளையிடம் கேட்டேன்.

"வேலை முடிஞ்ச பிறகும் ஏன் அந்த வயித்துல வச்சித் தேய்ச்சிக்கிட்டே இருந்தே?"

"ஆசையா கேட்டாங்க மிஸ். பாவமில்லையா?"

"திரை மூலையில ஒரு நம்பர் தெரியுதே, அது என்ன?"

"அது எப்பவும் இருக்கும் மிஸ்."

சூட்டைச் சொல்லும் நம்பர் அது. உடம்புக்குள் எவ்வளவு சூடு ஏறக்கூடும் என்று உங்களுக்குச் சொல்லத்தான் அதை அங்கே வைத்திருக்கிறார்கள். அலங்காரத்துக்கு இல்லை. நான் முகத்தைச் சுளித்ததைப் பார்த்து அந்தப் பிள்ளை சிரித்தது.

"இது ஒங்க காலத்து எக்ஸ்ரே இல்ல மிஸ். கதிர் கிடையாது. வெறும் சத்தம்."

அதனால்தான் இதை எழுதுகிறேன். புதிதாக வேலைக்கு வருகிறவர்களுக்கு ஏதாவது எழுதித் தாருங்கள் என்று உங்கள் பொறுப்பாளர் கேட்டபோது, எக்ஸ்ரே அறையில் காலம் கழித்த கிழவி வாழ்த்து எழுதுவாள் என்று நினைத்திருப்பார். எனக்கு வாழ்த்து எழுத வராது.

முதலில் அந்தச் "சத்தம்".

எழுபதுகளின் தொடக்கத்தில் கொஞ்ச காலம் கண்டியில் வேலை செய்தேன். எங்கள் எக்ஸ்ரே அறைக்குப் பக்கத்தில் தோள்வலி, முதுகுவலிக்காரருக்கு வைத்தியம் செய்யும் அறை. சத்த அலையால் வலி தீர்க்கும் ஒரு பெட்டி அங்கே இருந்தது. உங்கள் ஸ்கேன் நம் நாட்டுக்கு வருவதற்கு முந்திய காலம். காலையில் பெட்டி வேலை செய்கிறதா என்று பார்க்க, அந்த அறையில் வேலை செய்த பெண் வயரில் தொங்கும் அதன் உலோகத் தலையை மேலே பார்க்கப் பிடித்து அதில் ஒரு துளி தண்ணீர் விடுவாள். துளி முதலில் நடுங்கும். பிறகு கொதிப்பது போலத் துள்ளும். அப்புறம் மெல்லிய புகையாக எழும்பி, ஜன்னல் வெயிலில் மிதந்து, இல்லாமல் போய்விடும். எந்தச் சத்தமும் காதில் விழாது. நான் தேநீர்க் கோப்பையோடு தினமும் அதைப் பார்க்கப் போவேன். பார்த்துக்கொண்டு நின்றால் அன்றைய வேலையே மறந்துவிடும்.

ஒரு நாள் என் முழங்கை வலித்தது. அவளே அந்தத் தலையை எடுத்து வைத்துவிட்டாள். தலையை ஓரிடத்தில் நிறுத்தாமல் அசைத்துக்கொண்டே இருக்க வேண்டும் என்பது அந்தப் பெட்டியின் சட்டம். யாரோ வாசலில் கூப்பிட, அவள் திரும்பினாள். கை நின்றுவிட்டது. தோலில் எனக்கு ஒன்றும் தெரியவில்லை. ஆனால் உள்ளே, எலும்பில், யாரோ சூடான நகத்தால் கீறியதுபோல ஒரு நோவு. கத்தினேன். அவள் கையை எடுத்ததும் நின்றுவிட்டது. தோல் வழியாக ஒன்றும் தெரியாமல் போய் எலும்பில் சூடாகிற சாமான் அது.

உங்கள் ஸ்கேன் கருவி அதைவிட எவ்வளவோ மென்மையானது. எனக்குத் தெரியும். தேவைக்குச் செய்த ஸ்கேனால் குழந்தை கெட்டது என்று யாரும் நிரூபித்ததில்லை என்பதும் தெரியும். டாக்டர் கேட்டால் எடுங்கள், பயமுறுத்தி யாரையும் திருப்பி அனுப்பாதீர்கள். ஆனால் வெறும் சத்தம் என்று மட்டும் என்னிடம் சொல்லாதீர்கள். ஆவியாகிப் போன தண்ணீரை நான் பார்த்திருக்கிறேன்.

இனி எக்ஸ்ரே அறைக் கதை. கண்டியிலிருந்து மாத்தளைப் பக்கம் வந்த பிறகு நடந்தது.

அந்த நாளில் இரைப்பையை, குடலைப் பார்க்க வேண்டுமானால் நோயாளிக்குச் சுண்ணாம்பு கரைத்ததுபோல் ஒரு வெள்ளை மருந்தைக் குடிக்கக் கொடுப்போம். அது இறங்குவதை, கதிர் பாய்ச்சி, பச்சையாக மினுங்கும் ஒரு திரையில் டாக்டர் நேரடியாகப் பார்ப்பார். அந்தப் பச்சை மிக மங்கல். கடலுக்கு அடியில் எரிகிற விளக்குப் போல இருக்கும். அதைப் பார்க்கக் கண் இருட்டுக்குப் பழகியிருக்க வேண்டும். அதனால் திரை பார்க்கிற நாளில் டாக்டரும் நானும் நேரத்தோடே சிவப்புக் கண்ணாடி மாட்டிக்கொள்வோம். கழற்றவே கூடாது.

அந்தக் கண்ணாடிக்குள் அது வேறு ஊர். மலை சிவப்பு. மலையில் இறங்குகிற பனி சிவப்பு. இரத்தோட்டை பஸ் வந்து நின்றால், அதிலிருந்து இறங்குகிற தோட்டத்துச் சனம் ஒரு சத்தமும் இல்லாமல் சிவப்புக்குள் மிதந்து வருவதுபோல் இருக்கும். பெண்களின் நெற்றிக் குங்குமம் மட்டும் கண்ணாடியில் மறைந்துவிடும். எல்லா நெற்றியும் வெறும் நெற்றி. கத்திக் கத்தி வேலை வாங்குகிற நானே அந்த நாட்களில் மெதுவாகப் பேசுவேன். ஏனென்று தெரியாது. கனவுக்குள் நடக்கிறவள் கத்துவாளா?

பரீதா வந்தது அப்படியொரு நாளில். இரத்தோட்டைக்குக் கீழே ஒரு கிராமம். புருஷன் மிளகும் ஏலக்காயும் கறுவாப்பட்டையும் வாங்கி விற்கிறவன். அவன் கடையை விட்டு வரவில்லை. மாமியார் கூட்டிவந்திருந்தார். மாமி, மருமகள் இரண்டு பேர் உடுப்பிலும் ஏலக்காய் வாசம். பரீதாவுக்கு மாதக் கணக்கில் வயிற்றெரிச்சல். சமீப காலமாக வாந்தியும் சேர்ந்துகொண்டது. இரைப்பைப் புண் என்று டாக்டருக்குச் சந்தேகம்.

எங்கள் வேலையில் ஒரு கேள்வி உண்டு. பிள்ளை பெறும் வயதில் உள்ள பெண்ணுக்கு வயிற்றில் கதிர் பாய்ச்சுமுன் கேட்டே ஆக வேண்டும். நான் கேட்டேன்.

"மாசம் தவறாம வருதா? புள்ள கிள்ள உண்டாகி இருக்குமா?"

பரீதா வாயைத் திறக்கவில்லை. மாமி திறந்தார். அவர்கள் பேச்சில் "இருக்கு" என்பது "ஈக்கு".

"அப்பிடி ஒண்டும் இல்ல மிஸி. கலியாணம் முடிச்சு எட்டு வருஷம். ஈந்தா நாங்க சொல்லமாட்டமா? இவட வயித்துல எரிச்சல் மட்டுந்தான் தங்கும்."

சொல்லிவிட்டுச் சிரித்தார். பரீதா நிலத்தைப் பார்த்தாள்.

கேள்வி கேட்டாயிற்று. பதில் வந்தாயிற்று. டாக்டரிடமும் மாமி இதையே சொல்லியிருந்தார். அதற்கு மேல் கேட்க வேண்டிய சட்டம் எதுவும் இல்லை. ஆனால் எனக்கு அந்தப் பதில் பிடிக்கவில்லை. அது மாமியின் பதில். நான் மாமிக்குப் படம் எடுக்கவில்லை.

பிள்ளைகளே, எங்கள் பக்கத்தில் பெண்ணிடம் கேட்டால் மாமி பதில் சொல்வார், புருஷன் பதில் சொல்வான், நாத்தனார் பதில் சொல்வாள். அவளிடமிருந்து பதில் வாங்க நான் ஒரு வழி வைத்திருந்தேன். "இருட்டுல கண் பழகணும், ஆள் மட்டும் வாங்க" என்று நோயாளியை முன்கூட்டியே உள்ளே கூட்டிப்போவேன். அது பொய். நோயாளிக்குக் கண் பழகத் தேவையே இல்லை. பார்க்கப்போவது டாக்டர். ஆனால் ஒருவரும் அந்தப் பொய்யைக் கண்டுபிடித்ததில்லை.

மாமியை வெளி வாங்கில் உட்காரவைத்துவிட்டு, மருந்துக் கோப்பையைப் பரீதாவின் கையில் கொடுத்து, உள்ளே கொண்டுபோய்க் கதவைச் சாத்தினேன். முழு இருட்டு. உங்களுக்கு அந்த இருட்டுத் தெரியாது. உங்கள் அறையில் திரை வெளிச்சம் எப்போதும் இருக்கிறது. அங்கே கண்ணை மூடினாலும் திறந்தாலும் ஒன்று. கொஞ்ச நேரத்தில் சுவர் எங்கே என்று மறந்துவிடும். அப்புறம் நாம் எங்கே முடிகிறோம் என்பதும் மறந்துவிடும். அறை பெரிதாகிக்கொண்டே போவது போல இருக்கும். வெளியே எங்கோ தூரத்தில் பஸ் ஹோர்ன். அவள் மூச்சு. என் மூச்சு. ஏலக்காய் வாசம் மட்டும் அவள் இருக்குமிடத்தைச் சொல்லியது.

நான் ஒன்றும் கேட்கவில்லை. அதுவும் என் வழி. இருட்டில் கேட்டால் பயந்துவிடுவார்கள். சும்மா இருந்தால் அவர்களே பேசுவார்கள்.

"மிஸி."

"ம்."

"இந்த மிஷின் உள்ளுக்கு ஈக்கிற எல்லாத்தையும் காட்டுமா?"

"எல்லாத்தையும் காட்டாது. மருந்து போற வழியக் காட்டும்."

ஏலக்காய் வாசம் கொஞ்சம் கிட்ட வந்தது.

"சின்னதா ஈந்தா? ரொம்பச் சின்னதா?"

"எது சின்னதா?"

"நாள் தள்ளி ஈக்கு மிஸி. எரிச்சல் பழசு. இந்த வாந்தி புதுசு." அவள் குரல் இருட்டில் எங்கிருந்து வருகிறதென்றே தெரியவில்லை. "யாருக்கும் சொல்லல்ல. அவருக்கும் சொல்லல்ல. ரெண்டு தடவ முன்ன சொன்னேன். மாமி ஊர் பூரா சொல்லி, சீனி வச்சி பாத்தியா ஓதினாங்க. ரெண்டு தடவயும் தங்கல்ல. பொறகு மாமி சொன்னாங்க, ஒன் வயித்துக்கு நடிக்கத்தான் தெரியும் எண்டு. அதான் இந்தத் தடவ வாயத் தொறக்கல்ல. மிஷின் பாத்துச் சொன்னா நிச்சயந்தானே? அதுக்குத்தான் வந்தேன் மிஸி. கொஞ்சம் கூட நேரம் பாக்கச் சொல்லுங்க. ஈக்கா இல்லையா எண்டு எனக்கு மட்டும் சொல்லுங்க."

இதைத்தான் நீங்கள் காது கொடுத்துக் கேட்க வேண்டும். அவள் இரைப்பைக்காக வரவில்லை. தன் குழந்தையைப் பார்க்க ஆசைப்பட்டு வந்திருந்தாள். எதைப் பார்க்கக்கூடாதோ அதைக் கூட நேரம் பார்க்கச் சொன்னாள். அந்த நேரத்தில் எந்தக் கதிரும் அவ்வளவு சின்ன உயிரைக் காட்டாது. ஆனால் அதன்மேல் பாயும்.

"இது அதைக் காட்டாதும்மா. அதுக்குக் கெடுதல் செய்யலாம். நீ மருந்தக் குடிக்காத. நான் டாக்டருக்கு..."

"மாமிக்குத் தெரியக்கூடா மிஸி. அல்லாவுக்காகச் சொல்லிராதீங்க."

"சொல்லமாட்டேன்."

அதற்குள் கதவு திறந்து மூடியது. டாக்டர் வந்துவிட்டார். யாழ்ப்பாணத்துக்காரர், கெட்டிக்காரர், என்னைப் போலவே முன்கோபி. அவரோடு வேலை பழக வந்த மூன்று இளம் டாக்டர்மார். ஆண்கள் நாலு பேர் இருக்கிற இருட்டில் மருமகளைத் தனியே விட முடியாதென்று மாமியும் கூடவே வந்துவிட்டார். அவர் சேலை சரசரத்து என்னருகே வந்து நின்றது.

"வயிறு முழுக்கப் பாப்பம்," என்று டாக்டர் இளம் டாக்டர்மாருக்குச் சொன்னார். "மருந்து குடலுக்குள்ள இறங்குமட்டும் விடாமல் பாருங்கோ. ஒவ்வொருத்தரா மிதிச்சுப் பழகுங்கோ."

கதிரைத் தொடங்குவது ஒரு மிதி. காலால் அழுத்தினால் பாயும், எடுத்தால் நிற்கும். ஒவ்வொருவராகப் பழகுவதென்றால் எவ்வளவு நேரம் பாயும் என்று எனக்குத் தெரியும்.

"சேர், ஒரு நிமிஷம் வெளிய வரமுடியுமா?"

"வெளியில வந்தால் என்ர கண் என்ன ஆகிறது? காலமை தொடக்கம் இந்தக் கண்ணாடியோட திரியிறன். பிறகு சொல்லும்."

"இப்பவே சொல்லணும் சேர்."

"அப்ப இங்க சொல்லும்."

சொல்ல முடியாது. மாமியின் மூச்சு என் தோளில் பட்டது. சொன்னால் பிள்ளை தப்பும். ஆனால் அந்தப் பிள்ளை தங்காவிட்டால் பரீதா அந்த வீட்டில் மூன்றாவது தடவையும் நடிகையாவாள். மனதில் பட்டதை முகத்துக்கு நேரே சொல்லிவிடுகிறவள் நான். அதற்காக ஊர் முழுக்க எனக்குப் பகை. அன்றைக்கு என் வாய் மூடிக்கிடந்தது.

"மருந்தக் குடுத்தாச்சா?" என்றார் டாக்டர். பரீதாவின் கையிலிருந்த கோப்பை எதிலோ இடித்து டங்கென்றது. டாக்டரின் சப்பாத்துக் கால் மிதியைத் தேடி நிலத்தில் உரசியது.

நான் சுவரைத் தடவி வெள்ளை விளக்கைப் போட்டேன்.

இருட்டில் அவ்வளவு நேரம் இருந்த கண்ணுக்கு அந்த விளக்கு என்ன செய்யும் என்று நினைத்துப் பாருங்கள். எல்லோரும் அடிபட்டவர்கள் போல முகத்தைப் பொத்திக்கொண்டார்கள். இளம் டாக்டர் ஒருவர் "அம்மா!" என்றார். எனக்கு எல்லாம் வெள்ளையாகப் போய், அந்த வெள்ளைக்குள் பரீதாவின் முகம் மட்டும் மெதுவாக வந்தது. கோப்பையை இரண்டு கையாலும் வயிற்றோடு சேர்த்துப் பிடித்திருந்தாள். நிறைந்த கோப்பை. ஒரு வாய் கூடக் குடித்திருக்கவில்லை.

"உமக்கு விசரே?" டாக்டர் கத்தினார். "ஏன் லைற்றைப் போட்டனீர்? இனி ஒரு மணித்தியாலத்துக்கு ஒருத்தனுக்கும் ஒண்டும் தெரியாது!"

"மிஷின்ல கோளாறு சேர்."

"என்ன கோளாறு? காலமை நல்லாத்தானே இருந்தது?"

"கோளாறு. வெளிய வாங்க, சொல்றேன்."

கண்தான் போய்விட்டதே, இனி வெளியே வருவதற்கு என்ன? வந்தார். வராந்தாவில் சொன்னேன். அவர் கண்ணைக் கசக்கிக்கொண்டே கேட்டார். கேட்டு முடித்தும் கசக்கிக்கொண்டிருந்தார்.

"மாமிக்காரி இல்லையெண்டு சொன்னவ."

"மாமிக்குத் தெரியாது சேர்."

"உம்மட முறை பிழை. எல்லாருக்கும் முன்னால என்னை..." நிறுத்திவிட்டு, மலையைப் பார்த்தார். "சரி. மிதிச்சிருந்தால் நான்தானே மிதிச்சிருப்பன்."

உள்ளே போய் அவரே மாமியிடம் சொன்னார். "மெஷின் பழுது அம்மா. ஒரு மாதம் செல்லும். அதுக்கிடையில பிள்ளைக்கு இரத்தம் குறைவாக் கிடக்கு, பொம்பிளை டாக்டரட்டக் காட்டுங்கோ." அவர் பொய் சொன்னதை நான் அதற்கு முன்னும் கேட்டதில்லை, பின்னும் கேட்டதில்லை.

மாமி என்னை ஏற இறங்கப் பார்த்தார். "கவர்மெண்ட் மிஷினும் கவர்மெண்ட் மிஸியும்," என்றார்.

அந்தப் பழுதுக் கதை இரத்தோட்டைப் பக்கம் முழுக்கப் பரவியது. நல்ல மிஷினை வைத்துக்கொண்டு வருடக்கணக்கில் பேச்சு வாங்கினேன். பஸ்ஸில் கண்டக்டர், "ஆஸ்பத்திரி எறங்குறவங்க எறங்குங்க, எக்ஸ்ரேக்காரங்க கண்டிக்குப் போங்க!" என்று என் முகத்தைப் பார்த்தே கத்துவான். நான் பல்லைக் கடித்துக்கொண்டு இறங்குவேன்.

பரீதாவுக்கு அந்த முறை தங்கியது. பெண் குழந்தை. அன்றைக்கு மிதித்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று கேட்பீர்கள். தெரியாது. ஒன்றுமே ஆகாமலும் இருந்திருக்கலாம். இந்த வேலையில் அதுதான் கொடுமை. நீங்கள் செய்யாமல் விட்டது எதைக் காப்பாற்றியது என்று உங்களுக்கு ஒருநாளும் தெரியவராது. யாரும் வந்து நன்றி சொல்லமாட்டார்கள். செய்தது எதைக் கெடுத்தது என்பதும் தெரியவராது. அது சின்னது, பேசாது, நோவு என்று கத்தாது. என் முழங்கையாவது கத்தியது.

சில வருடங்களுக்குப் பிறகு அந்தப் பெண் குழந்தையை நான் பார்த்தேன். கொய்யா மரத்திலிருந்து விழுந்து கையை முறித்துக்கொண்டு வந்தாள். பரீதாவும் மாமியும் கூட்டிவந்தார்கள். மாமிக்கு முதுகு வளைந்திருந்தது. வாய் வளையவில்லை.

"மிஸி, இண்டைக்காவது மிஷின் ஓடுமா?"

"ஓடும்."

இது திரை பார்க்கிற வேலை இல்லை. வெளிச்சத்தில் எடுக்கிற சின்னப் படம். பிள்ளையின் கையை மேசையில் வைத்து, கதிர் மணிக்கட்டில் மட்டும் விழுமாறு ஒடுக்கிவிட்டு, கதிரைத் தடுக்கிற ஈயத் துணியை எடுத்து அவள் மடியையும் வயிற்றையும் மூடினேன்.

"கைதானே ஒடஞ்சீக்கு," என்றார் மாமி. "வயித்த ஏன் போத்துறீங்க?"

நான் பதில் சொல்ல வாயெடுத்தேன். பரீதா முந்திக்கொண்டாள்.

"அது போத்தித்தான் ஈக்கணும் மாமி."

அவ்வளவுதான் சொன்னாள். ஈயத் துணியின் ஒரு மூலை சரிந்திருந்தது. அதைத் தானே இழுத்துச் சரிசெய்துவிட்டுத் தள்ளிப்போய் நின்றாள்.

ஒரு படம் எடுத்தேன். கழுவி, ஈரத்தோடு வெளிச்சத்தில் பிடித்துக் காட்டினேன். சின்னச் சின்ன எலும்புகள், கறுப்பு வானத்தில் மிதக்கிற வெள்ளைக் கூழாங்கற்கள் போல. பிள்ளை நோவை மறந்து வாயைப் பிளந்து பார்த்தாள்.

"இது நானா?"

"ஒன் கை."

"அழகா ஈக்கு மிஸி! மத்தக் கையையும் எடுங்க. வீட்டுல வைக்க."

"எடுத்துத்தான் குடுங்களேன் மிஸி," என்றார் மாமி. "புள்ள ஆசப்படுது."

பரீதா என்னைப் பார்த்தாள்.

"மத்தக் கை ஒடையல்ல," என்றேன். "எழும்பு."